எனக்கு 70, அவனுக்கு 30 சரியா? ரப்பர் கடைச் செயலிக்குப் பங்கு பிரிப்பது எப்படி

குலசேகரம்_கடை (கேள்வி)

அப்பாவுக்குக் குலசேகரத்தில் ரப்பர் கடை. பால், ஷீட், ஒட்டுப்பால் எல்லாம் எடுக்கிறோம். பற்றுவரவு நோட்டில் 300 தோட்டக்காரர்கள் இருப்பார்கள். பால் எடை, டிஆர்சி (பாலில் உள்ள உலர் ரப்பர் விழுக்காடு), முன்பணக் கழிவு, கையில் கொடுத்த தொகை எல்லாம் போனிலேயே ஏறி, தோட்டக்காரருக்கு அந்த நிமிடமே குறுஞ்செய்தி போகிற மாதிரி ஒரு செயலி செய்திருக்கிறோம். எழுதியவன் என் கூட்டாளி. திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை, மாதம் 95,000 சம்பளம். ஏழு மாதமாக ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் உட்கார்ந்து எழுதியது. எங்கள் கடையிலும் அருமனையில் ஒரு கடையிலும் இப்போது ஓடுகிறது.

பிரைவேட் லிமிடெட் பதியலாம் என்று உட்கார்ந்தபோதுதான் பேச்சு முட்டியது. நான் 8 லட்சம் போடுகிறேன், இன்றிலிருந்தே முழுநேரம். அவன் ஆறு மாதம் கழித்துத்தான் வேலையை விடுவான். கேட்பது சரிபாதி. எங்கள் மாமா சொல்வது: "முதல் போடுறவனுக்கு 70, வேலை செய்றவனுக்கு 30. கோடு (செயலி நிரல்) எழுத வேற பிள்ளைங்க கிடைக்காதா?"

மூன்று கேள்வி. 8 லட்சத்தை எப்படிக் கணக்கில் வைப்பது? ஆறு மாதம் பிந்தி வருவதற்குக் குறைக்கலாமா? நடுவில் அவனுக்குக் கனடா விசா வந்தால் பங்கையும் எடுத்துக்கொண்டு போய்விடுவானா? மூன்றாவதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

பறளியாறு

மாமா சொல்லும் வழியிலேயே கொஞ்ச தூரம் போய்ப் பாருங்கள். பங்கு ஒன்று 10 ரூபாய். 8 லட்சத்துக்கும் நீங்கள் பங்கு எடுத்தால் 80,000 பங்கு. அவர் 50,000 ரூபாய் போட்டால் 5,000 பங்கு. உங்கள் கையில் 94 விழுக்காடு வந்துவிடும், வெறும் 70 அல்ல. மீதி 6 விழுக்காட்டுக்காக 95,000 சம்பளத்தை எவரும் விடமாட்டார். அதனால் பணத்தைப் பங்காக மாற்றும் யோசனையை முதலில் கைவிடுங்கள். பணத்தைக் கடனாகப் போடுங்கள்.

மொத்தம் 10,000 பங்கு என்று வைத்துக்கொள்வோம். அதில் 1,000 பிற்பாடு வரும் ஊழியர்களுக்கு ஒதுக்கு. அதை இப்போது வெளியிட வேண்டாம், கணக்கில் மட்டும் வைத்தால் போதும். மீதி 9,000 உங்கள் இருவருக்கும். நான் சொல்வது உங்களுக்கு 4,700, அவருக்கு 4,300. ஏன் என்று கீழே சொல்கிறேன். 4,700 பங்குக்கு நீங்கள் 47,000 கட்டுகிறீர்கள், அவர் 43,000 கட்டுகிறார். அந்த 43,000 அவருடைய வங்கிக் கணக்கிலிருந்தே வரவேண்டும். "நானே சேர்த்துப் போட்டுவிடுகிறேன்" என்று நட்பில் செய்வது பிற்பாடு "அது என் பணம், என் பங்கு" என்ற வழக்குக்கு விதை. பங்குத் தொகை கணக்கில் ஏறியது என்று பதிவான 180 நாளுக்குள் ஐஎன்சி-20ஏ படிவம் போடவேண்டும்.

உங்கள் 8 லட்சத்தில் மிச்சம் 7,53,000. இது இயக்குநர் கடன். "இது என் சொந்தப் பணம், நான் வெளியே கடன் வாங்கித் தரவில்லை" என்று கம்பெனிக்கு எழுத்தில் கொடுத்தால் சட்டப்படி அது டெபாசிட் (சட்டம் கட்டுப்படுத்தும் வைப்புத்தொகை) ஆகாது. அப்பா, அம்மா, அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என்று இயக்குநரின் உறவினர் தந்தாலும் இதே முறைதான். மாமா தரக்கூடாது. ஊருக்கு அவர் தாய்மாமன், கம்பெனிச் சட்டத்தின் உறவினர் பட்டியலில் தாய்மாமன் இல்லை. அவர் கொடுத்தால் அது டெபாசிட், பெரிய தலைவலி. கன்வெர்ட்டிபிள் நோட் (பிற்பாடு பங்காக மாற்றக்கூடிய கடன்) என்று யாராவது சொன்னால், அதற்கு ஒரே தவணையில் 25 லட்சமாவது வேண்டும், உங்கள் தொகைக்கு ஒத்துவராது.

கடனை எப்போது எடுக்கலாம் என்பதையும் எழுதுங்கள். "விற்பனை வருமானத்தில் ஆறு மாதச் செலவுக்கு இருப்பு போக மிஞ்சுவதிலிருந்து" என்பது நல்ல வரி. முதலீட்டாளர் வந்தால் அவர் பணத்தில் பழைய கடனை அடைக்கப் பெரும்பாலும் விடமாட்டார்.

இனி 4,700, 4,300 எங்கிருந்து வந்தது. பங்கு என்பது வரப்போகிற நாலு வருட வேலைக்கு. நடந்து முடிந்ததற்கு இல்லை. நடந்ததை மட்டும் எடுத்தால் ஏழு மாதம், மாதம் 60 மணி நேரம் என்றால் 420 மணி. 95,000 சம்பளத்தை மாதம் 176 மணியால் வகுத்தால் மணிக்கு 540 ரூபாய். மொத்தம் 2,26,800. அது பெரிய தொகை இல்லை, அதற்காகப் பாதிக் கம்பெனி தரமுடியாது. ஆனால் வரப்போவதைப் பாருங்கள். அவர் வேலையை விட்டுக் கம்பெனியில் 25,000 எடுத்தால் மாதம் 70,000 விடுகிறார், வருடத்துக்கு 8.4 லட்சம். நீங்கள் போடும் 8 லட்சத்தை அவர் ஒரே வருடத்தில் தாண்டிவிடுகிறார், அதுவும் திரும்பி வராத பணம். உங்கள் வேலைக்கு வெளியே 50,000 கிடைக்கும், நீங்களும் கம்பெனியில் 25,000 எடுக்கிறீர்கள் என்று வைத்தாலும் நீங்கள் விடுவது வருடத்துக்கு 3 லட்சம். உங்கள் பக்கம் கூடுவது, யோசனை உங்களுடையது, கடைகளைச் சேர்ப்பது உங்கள் தலையில், முதல் நாளே முழுநேரம், கடன் மூழ்கினால் நட்டமும் உங்களுக்கு. இவை எல்லாம் சேர்ந்து சற்று உங்கள் பக்கம் சாய்கிறது. 70 வரை சாயாது.

400 பங்கு வித்தியாசத்துக்கு மேல் இழுக்காதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணம். தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் தரும் டான்சீட் விதை நிதி கிடைத்தால் 3 விழுக்காடு அவர்களுக்கு, அதாவது 309 புதுப் பங்கு. பிறகு ஒரு முதலீட்டாளருக்கு 15 விழுக்காடு கொடுத்தால் 1,819 புதுப் பங்கு. மொத்தம் 12,128. உங்களுடையது 38.75, அவருடையது 35.46. இன்று சண்டை போட்டு வாங்கும் 4 விழுக்காடு அன்று 3.3.

ஆறு மாதம் பிந்தி வருவதற்குப் பங்கைக் குறைக்க வேண்டாம், கடிகாரத்தைப் பிந்தி ஓடவிடுங்கள். நட்ட ரப்பரில் ஏழாம் வருடம்தான் கத்தி வைக்கிறோம், அது மாதிரி. உங்கள் 48 மாதம் கம்பெனி பதிவான நாளில் தொடங்கும், அவருடைய 48 மாதம் வேலையை விட்ட மறுநாளில். இதை வெஸ்டிங் என்பார்கள். முதல் 12 மாதத்துக்குள் போனால் ஒன்றுமில்லை, 12ஆம் மாத முடிவில் 4,300இல் கால்வாசி, 1,075 பங்கு கைப்படும், அப்புறம் மாதம் 89.58 வீதம். 20ஆம் மாதம் கனடா போனால் அவருக்கு 1,792, திரும்பி வருவது 2,508. உங்களுக்கும் இதே விதிதான். நீங்கள் மட்டும் விலக்கு என்றால் அவர் கையெழுத்துப் போடக்கூடாது.

வேளிமலை_நிரல்

பறளியாறு சொன்னதில் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். கேட்பவர் பக்கத்தில் "300 தோட்டக்காரர்கள்" என்று ஒரு எடை தெரிகிறது. அந்த நோட்டு அப்பாவின் கடையுடையது. ரப்பர் வாரியத்தின் டீலர் உரிமமும் அப்பா பெயரில்தான் இருக்கும். கம்பெனிக்கு அது எதுவும் வராது. கம்பெனியே ரப்பர் எடுத்து விற்கப் போகிறதென்றால் தனி உரிமம் வேண்டும், மென்பொருள் மட்டும் என்றால் வேண்டாம்.

அதைவிட முக்கியமானது, கடை மகன் என்பது இந்தத் தொழிலில் பாதி உதவி, பாதி இடைஞ்சல். அருமனைக் கடைக்காரர் யாருக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்திருக்கிறார், எந்தத் தோட்டம் யார் கையில் என்பதையெல்லாம் குலசேகரத்துக் கடைக்காரர் மகன் வைத்திருக்கும் சர்வரில் ஏற்றுவாரா? ஒரு கடை ஏற்றிவிட்டார், பத்தாவது கடை கேட்கும். அதற்குப் பதில், அப்பா பங்குதாரராக இருக்கக்கூடாது, கடைக்குக் கடை தரவு தனித்தனி, நிர்வாகக் கடவுச்சொல் தொழில்நுட்பக் கூட்டாளியிடம். அப்போது கடைக்காரர்களின் நம்பிக்கை நிற்பது எழுதுபவர் மேல். இதைப் பங்கு எடை போடும்போது மறக்காதீர்கள்.

"வேறு பிள்ளைங்க கிடைக்காதா" என்பதற்கும் ஒரு வார்த்தை. ஒரு தோட்டக்காரர் 38 கிலோ பால் கொண்டுவருகிறார். டிஆர்சி 34 என்றால் உலர் ரப்பர் 12.92 கிலோ. 33 என்று ஏறினால் 12.54. கிலோ 200 ரூபாய் என்று வைத்தால் 76 ரூபாய் போச்சு, அன்றைக்கே கடை வாசலில் சண்டை. முழு எண்ணாக வெட்டுவதா, ஒரு புள்ளி வரை வைப்பதா, சிக்னல் இல்லாத மலையோரத்தில் ஏற்றியது சாயங்காலம் இரண்டு தடவை பதிவாகாமல் எப்படித் தடுப்பது, இதெல்லாம் கடையில் நின்று பார்த்தவருக்குத்தான் எழுத வரும். வெளியே கொடுத்தால் பழைய கோடைப் படித்துப் புரிந்துகொள்ளவே மூன்று மாதச் சம்பளம் போகும்.

அடுத்து, யாரும் கேட்காத பெரிய ஓட்டை. அந்த ஏழு மாதக் கோடு இன்று யாருடையது? கம்பெனி பிறக்கும் முன் எழுதியது, பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவருடையது. கம்பெனி பதிந்ததால் அது தானாக மாறாது. எழுத்தில், கையெழுத்தோடு உரிமை மாற்றுப் பத்திரம் வேண்டும். அதில் மூன்று வரி கட்டாயம். காலம் எழுதாவிட்டால் சட்டம் 5 வருடம் என்று எடுத்துக்கொள்ளும், அதனால் "பதிப்புரிமைக் காலம் முழுவதும்". இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும், அதனால் "உலகம் முழுவதும்". ஒரு வருடம் பயன்படுத்தாவிட்டால் மாற்றம் செல்லாமல் போகும் என்ற 19(4) இதற்குப் பொருந்தாது என்று ஒரு வரி. இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க மாதிரிப் பத்திரங்களில் இந்த மூன்றும் இருக்காது.

அதற்கும் முன்னால் அவர் தன் நியமனக் கடிதத்தை எடுத்துப் படிக்கட்டும். வேலையில் இருக்கும்போது எழுதுவது எல்லாம் நிறுவனத்துக்கே என்று ஒரு பத்தியும், வேறு தொழில் கூடாது என்று ஒரு பத்தியும் இருப்பது வழக்கம். அலுவலக மடிக்கணினியிலோ அலுவலகம் பணம் கட்டும் கருவியிலோ ஒரு வரி எழுதியிருந்தாலும் பத்திரம் எழுதிக்கொடுக்க அவருக்கே உரிமை இருக்கிறதா என்ற கேள்வி வரும். மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் தடையின்மைக் கடிதம் வாங்கவேண்டும். தரமாட்டார்கள் என்று தெரிந்தால், விலகும் வரை அவர் கோடில் கைவைக்காமல் இருப்பதும், சந்தேகமான பகுதிகளை விலகியபின் மறுபடி எழுதுவதும்தான் வழி.

பத்திரத்தின் பின்னிணைப்பில் கோடு இருக்கும் களஞ்சியம் மட்டும் போதாது. டொமைன் பெயர், சர்வர் கணக்கு, பிளே ஸ்டோர் கணக்கு, செயலியைக் கையொப்பமிடும் சாவி, குறுஞ்செய்திக்கான டிஎல்டி பதிவு. இவை இப்போது அவருடைய சொந்த ஜிமெயிலில் கிடக்கும். பிளே ஸ்டோரில் நிறுவனக் கணக்கு திறக்க டன்ஸ் எண் (நிறுவன அடையாள எண்) கேட்பார்கள், அதற்கு நாள் பிடிக்கும், கடைசிக்குத் தள்ளாதீர்கள்.

கொளச்சல்_வள்ளம்

எங்க கடப்புறத்துல இதுக்கு எப்பவோ வழி வச்சாச்சு மக்கா. டீசல், ஐஸ், சாப்பாடு கழிச்சு மிச்சத்தைத்தான் பங்கு வைப்போம். வள்ளத்துக்குத் தனி, வலைக்குத் தனி, எஞ்சினுக்குத் தனி, ஆளுக்குத் தனி. முதல் போட்டவனுக்கு வள்ளப் பங்கு, அவனே கடலுக்கும் வந்தா ஆள் பங்கும் சேத்து. உங்க 8 லட்சம் வள்ளப் பங்கு, உங்க வேலை ஆள் பங்கு. ரெண்டையும் ஒண்ணாக் குழைச்சாதான் சண்டை.

பறளியாறு

அதேதான். ஒரு வித்தியாசம் மட்டும். வள்ளத்தில் பங்கு அன்றைய பாட்டோடு கரையில் முடிந்துவிடும், மறுநாள் வராதவனுக்குப் பங்கில்லை. கம்பெனிப் பங்கு அப்படி முடியாது. பாட்டத்துக்கு விட்ட தோட்டம் திரும்பி வரும், பட்டா மாற்றிக் கொடுத்தது வராது. வெஸ்டிங் இல்லாமல் பங்கு கொடுப்பது பட்டா மாற்றுவதுதான்.

குலசேகரம்_கடை

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை, நன்றி. அப்பாவைப் பங்குதாரராகப் போடும் எண்ணம் இருந்தது, விட்டுவிட்டேன். வெஸ்டிங்கைப் பத்திரத் தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரை வாங்கினால் போதும் அல்லவா? 4,700, 4,300 என்றால் முடிவெடுப்பது நான்தானே?

பத்மநாபபுரம்_சிஎஸ்

இரண்டுக்கும் பதில் "போதாது".

நோட்டரி முத்திரை கையெழுத்தைத்தான் உறுதி செய்கிறது, கம்பெனியைக் கட்டாது. 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த வி.பி. ரங்கராஜ் வழக்கு இதற்காகவே படிக்கவேண்டியது. அதுவும் இரு சகோதரர்களின் பிரைவேட் கம்பெனி. ஆளுக்கு 25 பங்கு, ஒரு கிளை விற்றால் அதே கிளைக்குத்தான் விற்கவேண்டும் என்று வாய்ப்பேச்சு. ஒரு மகன் அடுத்த கிளைக்கு விற்றான். சங்க விதிகளில் (கம்பெனியின் உள்விதிகளில்) எழுதாத கட்டுப்பாடு கம்பெனியையும் கட்டாது, பங்குதாரரையும் கட்டாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே வெஸ்டிங், வெளியே விற்கும் முன் கூட்டாளிக்குக் கேட்கும் உரிமை, விலகினால் திரும்பக் கொடுப்பது மூன்றும் பங்குதாரர் ஒப்பந்தத்திலும் இருக்கவேண்டும், வார்த்தை மாறாமல் சங்க விதிகளிலும் இருக்கவேண்டும். பதிவு செய்யும்போதே ஏற்றிவிடுங்கள். பிற்பாடு விதிகளை மாற்றச் சிறப்புத் தீர்மானம் வேண்டும், நாலில் மூன்று பங்கு வாக்கு. அப்போது ஒருவர் மனம் மாறியிருந்தால் முடிந்தது.

முடிவெடுப்பது யார் என்பது. வெளியான 9,000 பங்கில் உங்களுக்கு 52.2 விழுக்காடு. சாதாரணத் தீர்மானம் உங்கள் கையில். அதில் இயக்குநரை நீக்குவதும் அடக்கம், கம்பெனிச் சட்டம் 169ஆம் பிரிவு. சிறப்புத் தீர்மானம் அவரில்லாமல் நடக்காது, கால்வாசிக்கு மேல் வைத்திருப்பவர் தடுக்கலாம். 50க்கும் 52க்கும் நடுவில் உள்ள இரண்டு விழுக்காட்டின் விலை அதனால் பணத்தில் இல்லை, "என்னை வெளியே போடமுடியுமா" என்பதில் இருக்கிறது. உங்கள் கூட்டாளி சரிபாதி கேட்பதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். கேட்டுப் பாருங்கள். அந்தப் பயம்தான் என்றால் பங்கை மாற்றாமலே தீர்க்கலாம். காரணமில்லாமல் நீக்கப்பட்டால் அதுவரையான மாதங்களோடு இன்னும் 12 மாதப் பங்கு உடனே கைப்படும் என்று எழுதுங்கள், 12 மாதத் தடையும் அப்போது பொருந்தாது. 11ஆம் மாதம் வெளியே போட்டு முழுவதையும் எடுத்துக்கொள்ளும் ஆசை யாருக்கும் வராது. புதுப் பங்கு வெளியிடுவது, 2 லட்சத்துக்கு மேல் கடன், நிறுவனர் சம்பளத்தை மாற்றுவது, கோடு விற்பது, அப்பாவின் கடையோடு எந்த ஒப்பந்தமும், இந்த ஐந்துக்கும் இருவர் கையெழுத்தும் வேண்டும் என்று விதிகளில் வையுங்கள்.

மாதிரி விதிகளான டேபிள் எஃபை அப்படியே எடுத்தால் இயக்குநர் குழுவில் வாக்கு சமமானால் தலைவருக்கு இரண்டாம் வாக்கு உண்டு. யார் தலைவர் என்று கவனிக்காமல் விடுபவர்கள் அதிகம்.

இனி வரி. இதை ஆடிட்டர்கூடச் சில நேரம் தாமதமாகத்தான் சொல்வார். 20ஆம் மாதம் அவர் போகிறார், 2,508 பங்கைப் 10 ரூபாய்க்கு, அதாவது 25,080 ரூபாய்க்கு உங்களுக்குத் தரவேண்டும். அதற்குள் முதலீடு வந்து கம்பெனியின் நிகரச் சொத்து 40 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வெளியான பங்கு 11,128 (12,128இல் ஊழியருக்கு ஒதுக்கிய 1,000 இன்னும் வெளியாகவில்லை), பங்குக்கு 359 ரூபாய். 349 ரூபாய் வித்தியாசம், 2,508 பங்குக்கு 8.75 லட்சம். 50,000க்கு மேல் வித்தியாசம் வந்தால் வருமான வரிச் சட்டம் இதை வாங்கியவரின் வருமானம் என்கிறது. கையில் ஒரு ரூபாய் வராமலே உங்களுக்கு வரி. விற்கும் அவருக்கும் அதே சட்டம் 359இல் விற்றதாகக் கணக்குப் போடும். ஒரே பங்குக்கு இரு பக்கமும் அடி.

தப்பும் வழி சுருக்கமாக. இந்த மதிப்பு முதலீட்டாளர் கொடுத்த விலையில் இல்லை, ஏட்டுச் சொத்து அடிப்படையில் கணக்கிடப்படுவது. முதலீடு வருமுன் கம்பெனியில் கடனும் ஒரு மடிக்கணினியும்தான் இருக்கும், மதிப்பு 10 ரூபாயைத் தாண்டாது. ஆகவே ஆபத்துக் காலம் முதலீடு வந்தபின். அப்போது விலகுபவருடைய பங்கை யார் எந்த விலைக்கு எடுப்பது, வரியை யார் ஏற்பது என்பதை முதலீட்டு ஒப்பந்தத்தில் திருத்தி எழுதவேண்டும். கம்பெனியே திரும்ப வாங்கக் கம்பெனிச் சட்டம் 68ஆம் பிரிவில் வழி உண்டு, ஆனால் இருப்பு நிதியிலிருந்தோ, பங்கு முனைமத்திலிருந்தோ (முகமதிப்புக்கு மேல் பங்கு விற்று வந்த தொகை), வேறு வகைப் பங்கு வெளியிட்ட பணத்திலிருந்தோதான் வாங்கமுடியும், தொடக்கக் காலத்தில் மூன்றும் காலி. இன்னொரு வழி, அவருக்கு முதலில் கொஞ்சம் பங்கு மட்டும் கொடுத்து மீதியை ஊழியர் பங்கு விருப்பமாக (குறித்த விலையில் பிற்பாடு பங்கு வாங்கும் உரிமையாக) தருவது. நிறுவனர்களுக்கும், 10 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருக்கும் இயக்குநர்களுக்கும் இது பொதுவாகக் கிடையாது, மத்திய அரசின் டிபிஐஐடி துறை அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்புக்குப் பதிவான 10 வருடம் வரை விலக்கு உண்டு. எடுக்கும்போது அவருக்குச் சம்பள வரி வரும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

போட்டி நிறுவனம் தொடங்கக்கூடாது என்று விலகியபின் கட்டுப்படுத்தும் வாசகத்துக்கு ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவில் உயிர் கிடையாது. அதை நம்பிப் பங்கைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். கோடும் தரவும் கம்பெனியிடம் இருப்பதுதான் காவல்.

தோவாளை

எனக்கு இன்னும் 50க்கு 50தான் நல்லது என்று படுகிறது. கூட்டுத் தொழிலில் எழுதாவிட்டால் சட்டமே சமபங்கு என்கிறது. எல்எல்பி (வரம்புள்ள பொறுப்புக் கூட்டாண்மை) போட்டால் வெஸ்டிங், மதிப்பு என்று இந்தப் பாடெல்லாம் குறையுமே?

பத்மநாபபுரம்_சிஎஸ்

எல்எல்பியில் எழுதாவிட்டால் சமபங்கு என்பது உண்மை, இலாபத்தில் மட்டுமில்லை, முதலிலும் நட்டத்திலும். ஆனால் எல்எல்பியில் பங்குகளே கிடையாது. ஊழியருக்குப் பங்கு விருப்பம் தரமுடியாது, பங்கு முதலீட்டாளர்களும் பெரும்பாலும் கம்பெனியாக மாறிவரச் சொல்வார்கள். இருவர் மட்டும் நடத்தி இலாபம் பிரிப்பது என்றால் எல்எல்பி நல்லதுதான்.

50க்கு 50 தவறில்லை. போட்டால் முட்டுக்கட்டைக்கு வழி எழுதுங்கள். இருவரும் ஒப்பும் மூன்றாம் மனிதர் 30 நாளில் பேசித் தீர்க்க, ஆகாவிட்டால் நாகர்கோவிலை இடமாகக் கொண்ட நடுவர் தீர்ப்பாயம். எழுதாவிட்டால் கம்பெனி வழக்குக்குச் சென்னைத் தீர்ப்பாய அமர்வு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் இரவு ரயில். ஒருவர் விலை சொல்ல மற்றவர் அதே விலைக்கு வாங்கவேண்டும் அல்லது விற்கவேண்டும் என்ற விதியை மட்டும் கோடு எழுதுபவர் ஏற்கவேண்டாம். பார்க்க நியாயமாகத் தெரியும், கையில் காசு உள்ளவர்தான் ஜெயிப்பார்.

குலசேகரம்_கடை

நேற்று அவனிடம் கேட்டேன். நீங்கள் சொன்னதுதான், "நாளைக்கு உங்க மாமா சொல்லி என்னை அனுப்பிட்டா?" என்றான். 4,700, 4,300க்கு ஒத்துக்கொண்டான், நீக்கினால் இன்னும் 12 மாதப் பங்கு என்ற அந்த வாசகம் வேண்டும் என்கிறான். கடைசியாக ஒன்று. ஆறு மாதம் அவன் இயக்குநராக முடியாது போலிருக்கிறது, நியமனக் கடிதத்தில் தடை. இரண்டாவது இயக்குநர் யார்? ஆறு மாதம் ஒன்பதாக இழுத்தால்?

பத்மநாபபுரம்_சிஎஸ்

இரண்டாவது இயக்குநராக அம்மாவையோ அக்காவையோ போடலாம், பங்கு தரத் தேவையில்லை. பங்குதாரர் நீங்களும் அவரும் என்று இருவர் ஆகிவிட்டது. பங்கு எடுப்பதையாவது அந்தக் கடிதம் விடுகிறதா என்று பாருங்கள், சிலது அதற்கும் முன்அனுமதி கேட்கும். அந்த ஆறு மாதமும் இயக்குநர் குழு முழுக்க உங்கள் வீடு என்பதால் ஐந்து விஷயத்துக்கு இருவர் கையெழுத்து என்ற விதி முதல் நாளிலிருந்தே பங்குதாரராக அவருக்கு இருக்கவேண்டும்.

இழுத்தால் என்பதற்குத் தேதி வையுங்கள். பதிவான 6 மாதத்தில் சேரவேண்டும், 3 மாதம் சலுகை. 9 மாதம் முடிந்தும் சேராவிட்டால் 4,300இல் 500 மட்டும் அவருக்கு, எழுதிய கோடுக்காக. 3,800 பத்து ரூபாய்க்குத் திரும்பும். 38,000 ரூபாய்.

இறப்பையும் சேர்த்து எழுதிவிடுங்கள், பேசக் கூச்சமாக இருந்தாலும். நியமனதாரர் உரிமையாளர் ஆகமாட்டார், வாரிசுகளுக்குத்தான் போகும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. கைப்பட்ட பங்கு வாரிசுக்கு, கைப்படாதது கூட்டாளிக்கு.

வேளிமலை_நிரல்

வரிசை ஒன்று சொல்லிவிடுகிறேன். முதலில் தடையின்மைக் கடிதம், பிறகு கம்பெனிப் பதிவு, அது முடிந்த அதே வாரம் உரிமை மாற்றுப் பத்திரம், அப்புறம்தான் மூன்றாவது கடைக்குச் செயலி. கம்பெனி பிறக்கும் முன் பத்திரம் எழுதினால் வாங்குபவரே இல்லை. செயலியின் கையொப்பச் சாவிக்கு ஒரு நகல் எடுத்து உறையில் ஒட்டி, வங்கி லாக்கரிலோ ஆடிட்டரிடமோ வையுங்கள். உங்களிடமும் வேண்டாம், அவரிடம் மட்டும் இருக்கவும் வேண்டாம்.